விடயம் என்றொரு நிரல்

சட்டத்தைப் பற்றி, புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதற்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வருவார், சுவரில் படம் காட்டுவார், பத்தரைக்குத் தேநீரும் மதியம் சோற்றுப் பார்சலும் தருவார்கள். எதற்காகத் தகவலைப் பெற்றோமோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், தேவைக்கு மேல் ஒரு சொல்கூடக் கேட்கக்கூடாது, கசிந்துவிட்டால் உரியவருக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அவர் விளக்குவார். நீங்கள் தலையாட்டுவீர்கள். நானும் ஆட்டியவன்தான். ஆட்டியதோடு நிற்காமல், இந்த அரசாங்கக் கந்தோரில் மற்றவர்களுக்கு அதைப் படிப்பித்தவனும் நான்தான். படிப்பித்த அதே கிழமைக்குள் நான் செய்துவைத்த வேலையைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற இரண்டு பெண்களிடமும் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். "கதையைச் சொல்லுங்கோ, பேரைச் சொல்லாதேங்கோ" என்றார்கள் இருவரும். ஆகவே பெயர் இல்லை, ஊரும் இல்லை. பாப்பாமோட்டை தாண்டி, விடத்தல்தீவுப் பக்கமாகப் போகும்போது கடலோரத்தில் ஒரு கத்தோலிக்க மீன்பிடிக் கிராமம். அது போதும். எந்த ஊர் என்று பிடித்துவிட்டோம் என்று பின்வரிசை வாங்கில் யாராவது குசுகுசுத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிப்போட்டேன்.

நான் அப்போது பதிவுகள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலமே இருந்தது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அதன் பின்னால் சுற்றுநிருபம் வந்து, அதன் பின்னால் பதிவறை அலுமாரிகளுக்குப் புதுப் பூட்டும் வந்திருந்தது. திறப்பு எப்போதும் என் சட்டைப்பையில். எங்கள் கந்தோர்ச் சாரதி ஒருநாள் தன் சொந்தத் தம்பியின் பதிவுக் கோவையைப் பார்க்கக் கேட்டார். "தம்பியை வரச் சொல்லும்" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டு மாதமாக மனிதர் எனக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை. எனக்கோ அதில் ஒரு பெருமை. சட்டமே என் சட்டைப்பைக்குள் இருக்கிற மாதிரி நினைப்பு.

அந்த நாட்களில் ஒரு பெண் என்னிடம் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கடற்றொழிலாளி. சண்டைக் காலத்தில் ஒரு விடியற்காலை கடலுக்குப் போனவர், படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது வீட்டுத்திட்டம் கிடைத்திருக்கிறது, காணி அனுமதிப்பத்திரமோ கணவரின் பெயரில். அதை மாற்றாமல் கல் ஒன்றும் வைக்க முடியாது. காணாமற்போனவரை இறந்தவராகப் பதிவதற்கு ஒரு வழி இருக்கிறதல்லவா, அதற்குத்தான் விண்ணப்பம் கொண்டுவந்திருந்தார். தகரக் கொட்டிலுக்குள் வளர்ந்த மகள் ஒருத்தி பெரியபிள்ளையாகிவிட்டாள் என்றும் சொன்னார்.

படிவத்தைத் தந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"சேர், மாமிக்கு இது தெரியாது. அவ இன்னும் பாத்துக்கொண்டு இருக்கிறவ. ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியார் பூசைக்கு மகனின்ர பேரைக் குடுக்கிறவ. செத்தவையின்ர கருத்தில இல்லை சேர், உயிரோட இருக்கிறவையின்ர கருத்தில. நான் போய் மரணப் பதிவு எண்டு சொன்னா, அவ உடைஞ்சுபோவா. நேரம் பாத்து நானே சொல்லுவன். வீட்டுக்குக் கடிதம் மட்டும் போட்டுப்போடாதேங்கோ."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ தங்கச்சி. கடிதம் வராது" என்றேன். அவருக்கு முன்னாலேயே கோவையின் மேல் சிவப்பு மையால் எழுதினேன்: வீட்டுக்குக் கடிதம் அனுப்பவேண்டாம். அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். அந்தப் பெண் நிம்மதியாகப் போனார். நானும் நல்ல காரியம் செய்தவன் மாதிரி ஒரு தேநீர் குடித்தேன்.

இனி எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளி மாவட்டத்திலிருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்கு இது புதிது. இந்தக் கரையில் அரசாங்கத்தின் குரல் இரண்டு இடத்தில்தான் எல்லோர் காதிலும் விழும். கத்தோலிக்க ஊர் என்றால் ஞாயிறு பூசை முடியக் கோயில் ஒலிவாங்கியில். கொண்டச்சி மாதிரி முஸ்லிம் ஊர் என்றால் வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடியப் பள்ளிவாசலில். அறிவித்தல் பலகையில் ஒட்டினால் ஆடு தின்னும். தபாலில் போட்டால் ஆள் கடலில் நிற்பார். ஆகவே நடமாடும் சேவைக்கு நாங்கள் ஒரு ஊருக்குப் போவதென்றால், யார் யார் வரவேண்டும் என்று பட்டியல் அடித்துக் கோயில் மூப்பருக்குக் கொடுத்துவிடுவோம். மூப்பர் என்பவர் கோயில் காரியங்களைப் பார்க்கிற ஊர்ப் பெரியவர். அவர் வாசிப்பார். நான் வேலையில் சேர்ந்த நாள் தொட்டு அப்படித்தான்.

பட்டியலில் வழக்கமாக மூன்று நிரல்கள்: இலக்கம், பெயர், முகவரி. ஆனால் அதற்கு முந்திய சேவையில் ஒரு தொழிலாளி இரண்டு தரம் பிழையான கடதாசிகளைக் கொண்டுவந்து, இரண்டு நாள் தொழிலை விட்டுவிட்டு, "என்னத்துக்குக் கூப்பிட்டனீங்கள் எண்டு சொன்னா என்ன குறைஞ்சா போவீங்கள்?" என்று என்னைப் பிடித்து ஏசினார். நியாயமான ஏச்சு. அது மனதில் தைத்துவிட்டது. இம்முறை நானே கணினியில் உட்கார்ந்து நான்காவதாக ஒரு நிரல் சேர்த்தேன். தலைப்பு: விடயம். அடையாள அட்டைத் திருத்தம், பிறப்புப் பதிவு, முகவரி மாற்றம் என்று ஒவ்வொருவருக்கும் நேரே எழுதினேன். பதினான்கு பேர். ஏழாம் இலக்கத்துக்கு நேரே என்ன எழுதினேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். மரணப் பதிவு, அடைப்புக்குறிக்குள் காணாமற்போன கணவர்.

கோவையில் சிவப்பு மை இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. பார்த்தேன். கடிதம் அனுப்பவேண்டாம் என்றுதானே எழுதியிருக்கிறது, நான் கடிதம் அனுப்பவில்லையே! மூளை அப்படித்தான் வேலை செய்தது. கையெழுத்தையும் வைத்து வெள்ளிக்கிழமை பியோனிடம் கொடுத்தனுப்பினேன்.

இதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் புதன்கிழமைதான் நான் இந்தச் சட்டத்தைப் பற்றி வகுப்பு எடுத்தேன். சேர்ந்து மூன்று மாதமான ஒரு முகாமைத்துவ உதவியாளர், சின்னப் பிள்ளை, எழும்பிக் கேட்டாள்: "சேர், அப்ப கோயில்ல வாசிக்கக் குடுக்கிற லிஸ்ட்?"

"அது தகவல் இல்லைப் பிள்ளை. அது அறிவித்தல்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கேள்விக்கு நான் கொடுத்தது பதிலே அல்ல, ஒரு சொல். தகவலைக் கொண்டுபோய் அறிவித்தல் என்று பெயர் மாற்றிவிட்டால் அது தகவல் இல்லாமல் போய்விடுமா? முப்பது வருடமாக அறிவித்தல், அறிவித்தல் என்று சொல்லிச் சொல்லியே அதற்குள் மனிதர்கள் இருப்பதை மறந்துபோயிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் பட்டினத்துத் தீவில் இருக்கிறவன், எங்கள் கோயிலில் ஆறு மணிப் பூசை. நன்மை, அதாவது நற்கருணை, வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், அறிவித்தல் வாசிக்கிறார்கள். வேறொரு கந்தோரின் அறிவித்தல். இன்னார் தன் நோய்க்கான வைத்திய அறிக்கையோடு வந்து உதவிப்பணத்துக்குப் பதிய வேண்டுமாம். நோயின் பெயரையும் சேர்த்து வாசித்தார்கள். எனக்கு இரண்டு வாங்கு முன்னால் அந்த மனிதர் இருந்தார். அவரைச் சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

ஏழாம் இலக்கம்! அந்தக் கிராமத்தில் பூசை ஏழு மணிக்கு. எட்டு மணியளவில் மூப்பர் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பார். மருமகளும் மாமியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். எந்த ஒலிவாங்கியில் அந்தத் தாய் மகனின் பெயரை உயிரோடு இருப்பவர்களின் வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தாரோ, அதே ஒலிவாங்கி.

வெளியே ஓடிவந்து மூப்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். அடிக்கிறது, எடுப்பாரில்லை. கோயிலுக்குப் போகிற மனிதர் தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பார். மோட்டார் சைக்கிளை உதைத்தேன். பட்டினத்து வீதியில் வழமைபோல நாலைந்து கழுதைகள் நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றி எடுத்துத் கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியில் ஏறினால், சோளகக் காற்று பக்கவாட்டில் வந்து ஆளையும் வண்டியையும் சேர்த்துத் தள்ளுகிறது. அறுபதைத் தொடப்போகிற வயதில் அப்படி ஓடியது அதுதான் முதலும் கடைசியும். அந்தோனியாரே, பூசை வைக்கிற சுவாமியின் பிரசங்கம் நீளட்டும், நீளட்டும் என்று மன்றாடிக்கொண்டே போனேன். பிரசங்கம் நீளவேண்டும் என்று நான் மன்றாடியதும் அன்றைக்குத்தான்.

நான் கோயில் முற்றத்தில் வண்டியை நிறுத்தியபோது ஒலிபெருக்கியில் மூப்பரின் குரல்.

"இலக்கம் மூண்டு..."

மூன்றாம் இலக்கம் ஓர் இளைஞன். விடயம்: பிறந்த திகதித் திருத்தம். எத்தனை வயது கூடுகிறது என்பதையும் நான்தான் எழுதியிருந்தேன், மூப்பரும் விடாமல் வாசித்தார். கோயில் முழுக்கச் சிரிப்பு. அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்களாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெண்வீட்டாரும் கோயிலில்தான் இருந்திருக்கிறார்கள். அவனை என்னால் காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கும் என்னைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போவான். போகட்டும், அவனுக்கு அந்த உரிமை இருக்கிறது.

பக்கக் கதவில் நின்று உள்ளே பார்த்தேன். பெண்கள் பக்கத்தில், மூன்றாம் வாங்கில், அந்தப் பெண். பக்கத்தில் முக்காட்டோடு ஒரு முதிய தாய், கையில் செபமாலை. மருமகள் வாசிப்பதைக் கவனித்தார், ஒவ்வொருவருக்கும் விடயம் சொல்லப்படுகிறது என்பதைக் கவனித்தார், தன் முறை வருகிறது என்பதும் விளங்கிவிட்டது. எழும்பி மாமியை வெளியே கூட்டிப்போகலாமா என்று பார்க்கிறார், எழும்பினால் ஊரே பார்க்கும். வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இலக்கம் அஞ்சு..."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஓடிப்போய்க் கடதாசியைப் பறிக்கத்தான் கை துடித்தது. பறித்தால் என்ன நடக்கும்? அதில் என்ன இருந்தது, யாருடைய பெயரில் நிறுத்தினான் என்று ஊர் முழுக்கக் கேட்கும். பின்னேரத்துக்குள் கண்டுபிடித்தும் விடும். ஏழாவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று மூப்பரின் காதில் சொன்னாலும் அதே கதைதான். ஒருவரை மறைக்க வேண்டுமென்றால் மிச்சப் பேர் எல்லோரையும் சேர்த்து மறைக்க வேண்டும். பொய்யும் சொல்லக்கூடாது, பலிபீடத்துக்கு முன்னால் நிற்கப்போகிறேன். அப்படியென்றால் சொல்லக்கூடியது ஒரேயொரு உண்மைதான் இருந்தது. அது எனக்கு அவமானமான உண்மை.

ஆறாம் இலக்கம் முடிந்தது. நான் நடந்துபோனேன், ஓடவில்லை. "மூப்பர், மன்னிக்கோணும், கந்தோரில இருந்து ஒரு திருத்தம்" என்று சொல்லிக் கையை நீட்டினேன். அவர் திகைத்துக் கடதாசியைத் தந்தார். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றேன்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பட்டியலை அடிச்சது நான். இதில விடயம் எண்டு ஒண்டு போட்டிருக்கிறன். அது போட்டிருக்கக்கூடாது. முழுக்க என்ர பிழை. இதுவரைக்கும் வாசிச்சதுக்கு அந்த ஆறு பேரிட்டயும் மன்னிப்புக் கேக்கிறன். மிச்சம் பேரை மட்டும் வாசிக்கிறன். உங்களிட்ட இருக்கிற எல்லாக் கடதாசியையும் கொண்டு வாங்கோ."

ஏழிலிருந்து பதினான்கு வரை பெயர்களை மட்டும் வாசித்தேன். ஏழாவதை மற்றவர்களைப் போலவே, ஒரு மூச்சுக் கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று வாசிக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "கந்தோர்க்காரர் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்து பிழை விடுறாங்களப்பா!" கோயில் மறுபடியும் சிரித்தது. சுவாமியும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவன். அந்த முதிய தாயும் சிரித்ததைக் கண்டேன்.

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர். "ஒண்டும் நடக்கேல்லையே. அந்தப் பிள்ளையிட்டப் போய்ச் சொல்லி ஏன் குழப்புறீங்கள்?" என்றார். நானும் இரவு முழுக்க அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கடதாசி மூன்று பேரின் கைக்குப் போயிருக்கிறது: நான், பியோன், மூப்பர். யாருக்குத் தெரியும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பிறகு, வகுப்பில் கேள்வி கேட்ட அந்தச் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, மற்றவர்களுக்கு முன்னாலேயே, "நீர் கேட்டது சரி, நான் சொன்னது பிழை" என்றேன். சிரித்தவர்களுக்கு முன்னால்தானே சொல்ல வேண்டும்.

நடமாடும் சேவை அன்று அந்தப் பெண்ணைப் பாடசாலையின் ஒரு வகுப்பறையில் தனியாகச் சந்தித்தேன். நடந்ததையும், மூன்று பேருக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். மூப்பர் வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ததையும் சொன்னேன். நன்றி சொல்வார் என்று உள்ளூர ஒரு ஆசை இருந்தது, ஒளிப்பானேன். தாம்போதியில் காற்றோடு மல்லுக்கட்டி வந்தவன் அல்லவா!

அந்தப் பெண் பொரிந்து தள்ளிவிட்டார்.

"எத்தினை வருசமா நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தனான் தெரியுமோ? அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது, எந்த நாளில சொல்லுறது எண்டு நித்திரை இல்லாமக் கிடந்தனான். அதை நீங்கள் ஒரு மைக்கில சொல்லப் பாத்தீங்கள். காப்பாத்தினீங்கள்தான், ஓம். ஆனா உங்களிட்ட இருந்துதானே காப்பாத்தினீங்கள்!"

"ஓம் தங்கச்சி" என்றேன். அழுதார். கொஞ்ச நேரம் கழித்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் கொடுக்கும் பட்டியல்களில் பெயருக்கு மேல் ஒன்றும் போகக்கூடாது என்று எழுதி மேலதிகாரியிடம் ஒப்பம் வாங்கினேன். நீங்கள் இப்போது பார்க்கிற அந்த நடைமுறை அப்படி வந்ததுதான். எந்தக் கடதாசி வேண்டும் என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்வதும் அன்றிலிருந்துதான். வேலை கூடத்தான். கூடட்டும்.

சில கிழமைகள் கழித்து அத்தாட்சிப் பத்திரம் தயாரானது. கைபேசிக்கு எடுத்துச் சொன்னேன். அடுத்த நாள் காலை கவுண்டரடிக் கூட்டத்துக்குள் அந்தப் பெண் வந்து நின்றார். பக்கத்தில் மாமி.

நான் மருமகளைப் பார்த்தேன். "நானே சொல்லிப்போட்டன் சேர்" என்றார்.

"என்ர பிள்ளையின்ர பேர் எழுதின கடதாசியைப் பாக்க வந்தனான்" என்றார் அந்தத் தாய். "எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் வாசியுங்கோ."

விண்ணப்பதாரி மருமகள். நான் மறுபடியும் மருமகளின் பக்கம் திரும்பினேன். தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்தவள் நான் கேக்கிறன், நீங்கள் என்ன அவளின்ர முகத்தைப் பாக்கிறீங்கள்?"

"வாசியுங்கோ சேர், மாமிக்கு எல்லாத்தையும் வாசியுங்கோ" என்றார் மருமகள்.

கவுண்டரில் இருபது பேர் நின்றார்கள். வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளையை என் இடத்தில் இருத்திவிட்டு, இருவரையும் பதிவறைக்குள் கூட்டிப்போனேன். இரண்டு கதிரைதான் இருந்தது. தாயை ஒன்றில் இருத்தி, மற்றதை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு நான் இருந்தேன். மருமகள் கதவடியில் நின்றார். ஒவ்வொரு நிரலாக, மெதுவாக வாசித்தேன். பெயர். தகப்பன் பெயர். தொழில். இடம். ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார், யாரோ விசாரிக்க வந்தவருக்குப் பதில் சொல்கிற மாதிரி. பிறகு, கடைசியாகக் காணப்பட்ட திகதி.

அதற்கு ஓம் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் சாய்ந்து, மருமகளுக்கும் கேட்காதபடி, அந்த விடியற்காலையைப் பற்றிச் சொன்னார். மகன் கரைக்கு இறங்குவதற்கு முன் தாய்க்கும் மகனுக்கும் இடையில் நடந்த ஒரு சின்ன விஷயம். இரண்டு வசனம்தான்.

"இது உதில எழுதிக் கிடக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

மேலிருந்து கீழாக இன்னொரு தரம் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் பார்த்தேன். "இல்லை அம்மா, எழுதேல்லை."

"அப்ப எழுத வேண்டாம்" என்றார். முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பி, தானே நடந்து வெளியே போனார்.

மருமகள் கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தை வாங்கினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மாமி உங்களிட்ட என்ன சொன்னவ, சேர்?"

நான் சொன்னேன்: "அவவிட்டத்தான் கேக்கோணும் தங்கச்சி."

முதல் தரமாக என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பத்திரத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்ற மாமியிடம் போனார்.